மலர் அறையில் மலர்ந்த மறுவாழ்வு

குடி குடியைக் கெடுக்கும் என்று சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். ஆனால் குடியால் கெட்டவரை மீட்க வழி உண்டா? உண்டு என்று செய்து காட்டிய ஒரு கன்னியரின் வாழ்வை இங்கே காண்போம். அவர்தாம் அருட்சகோதரி இக்னேஷியா.

அவர் 1889-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டின் மேயோ மாவட்டத்தில் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். இயற்பெயர் பிரிட்ஜெட் கேவின். 1896-இல் அக்குடும்பம் பிழைப்புத் தேடி அமெரிக்காவிலுள்ள கிளீவ்லாந்து நகருக்குச் சென்றது. இசையில் தேர்ச்சி பெற்ற அவர், 1914-இல் புனித அகுஸ்தினாரின் பிறரன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்து, அங்கும் இசையே கற்பித்தார். ஓய்வறியாத உழைப்பால் 1927-இல் உடலும் மனமும் ஒருங்கே தளர்ந்து நோயில் வீழ்ந்தார். குணமடைந்தாலும், உயிரெனப் போற்றிய இசைப் பணியைக் கைவிட நேர்ந்தது. அக்ரன் நகரில் 1928-இல் திறக்கப்பட்ட புனித தோமையார் மருத்துவமனையில், நோயாளிகளைச் சேர்க்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. பியானோ வாசித்த விரல்கள் பதிவேட்டில் பெயர் எழுதின!

இறைவனின் திட்டம் அங்கேதான் தெரிந்தது. குடிநோயாளர்களை அந்நாளில் மருத்துவமனைகள் சேர்ப்பதில்லை. அதே ஊரில் குடிக்கு அடிமையாகி மீண்டவர் டாக்டர் பாப் ஸ்மித். 1935-இல் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கத்தைத் தொடங்கிய இருவருள் அவர் ஒருவர். அவர் உதவி கேட்டபோது, தாமே வீழ்ந்து எழுந்த நம் சகோதரி மறுக்கவில்லை. 1939 ஆகஸ்ட் 16 அன்று, வயிற்று நோய் என்று பதிவேட்டில் எழுதி ஒரு குடிநோயாளரைச் சேர்த்துக்கொண்டார். தனியிடம் தேவைப்பட்டதால், மலர்களை அடுக்கி வைக்கும் சிறு அறைக்கு அவரது கட்டிலை மாற்றினார். உலகம் ஒதுக்கியவருக்கு மலர்களின் நடுவே இடம் கிடைத்தது!

பின்னர் அங்கே தனிப் பிரிவே உருவாயிற்று. நோயாளிகள் ஐந்து நாட்கள் தங்கினர். குடியிலிருந்து மீண்டவர்களே வந்து தங்கள் கதையைச் சொல்லித் தைரியமூட்டினர். டாக்டர் பாப் தம் சேவைக்குக் கட்டணம் வாங்கவில்லை. அவர் 1950-இல் இறக்கும்வரை இவ்விருவரும் ஏறத்தாழ 5,000 பேருக்கு உதவினர். விடைபெறும் ஒவ்வொருவருக்கும் சகோதரி இயேசுவின் திருஇருதயச் சின்னம் ஒன்றைத் தருவார். மீண்டும் குடிக்க எண்ணினால், முதலில் அதைத் தம்மிடம் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை. அச்சிறு சின்னம் எத்தனையோ கைகளைத் தடுத்தது.

1952-இல் கிளீவ்லாந்தின் புனித வின்சென்ட் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, அங்கே ரோசரி ஹால் சொலேரியம் என்ற பிரிவைத் தொடங்கினார். அப்பெயரின் முதலெழுத்துக்களான ஆர், எச், எஸ், ராபர்ட் ஹோல்புரூக் ஸ்மித் என்ற டாக்டர் பாப்பின் முழுப்பெயருக்கும் உரியவை. நன்றி மறவாத உள்ளம் அது! 1966 ஏப்ரல் 1 அன்று சகோதரி இறைவனடி சேர்ந்தார்.

அன்புத் தோழியரே! தெருவில் தள்ளாடி வருபவரைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அல்லது ஒதுங்கிப் போகிறோம். அவருக்கும் காத்திருக்கும் மகள் ஒருத்தி இருப்பாள். அவள் நம் வகுப்பிலேயே, நம் பக்கத்திலேயே அமர்ந்திருக்கலாம். தந்தையின் நோய் மகளின் அவமானம் அன்று. அவளுக்கு நம் நெஞ்சில் ஒரு மலர் அறை திறப்போமாக!