நாவலரவர்களும் இடையூறுகளும்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புத்திரராக 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18ஆந் திகதி அவதரித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களைக் கல்விமானென்றும் பிரசங்கியென்றும் பலர் எழுதியிருக்கின்றனர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொன்று. கருதிய கருமத்தினிடையே வந்து விழும் இடையூறுகளை அவர் எவ்வாறு ஏற்றார் என்பதே அது. ஒரு பாடத்தையேனும் இடையறாது நடத்தப்பெறாத உபாத்தியாயர்களாகிய நமக்கு இது மிக வேண்டப்படுவதாம்.

தந்தையார் இயற்றிவந்த நாடகமொன்று முற்றுப்பெறுமுன்னரே அவர் சிவபதமடைய, ஒன்பது வயதுப் பாலராகிய இவரே அதனைப் பாடி முடித்தாரென்று சொல்லுவர். பிற்காலத்தும் நிகழ்ந்தது இதுவே. ஒரு கருமம் இடையில் அறும். அறுந்த இடத்திலிருந்தே அவர் தொடங்குவார்.

சேனாதிராச முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் தமிழ் கற்ற அவர், வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைசெய்தார். இளமையிற் பல ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. விபூதியையுஞ் சிவபூசையையும் விடாது நின்றே அவ்வேலையைச் செய்தார். மிஷன் பாடசாலை வாங்குகளிலிருந்து படித்த எம்மனோர் அதன் அருமையை அறிவோம். பாடசாலை நடத்தும் ஒழுங்கையும், பிரசங்க முறையையும், எளிய வசனத்தில் நூலச்சிடுதலையும் அவர் அங்கே கண்டுகொண்டார். 1854இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்துக்கு அந்த விவிலியப் பயிற்சியே உதவிற்று.

1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆந் திகதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே பிரசங்கந் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். கொடுக்க வேதனமில்லை, அன்பர்கள் வேதனமின்றியே கற்பித்தனர். பிள்ளைகள் கையிற் கொடுக்கச் சைவ பாடபுத்தகமில்லை; அச்சிட யந்திரமுமில்லை. ஆகவே 1849இலே மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் கடல் கடந்தார். அச்சுயந்திரம் வாங்கப் போனவர் திருவாவடுதுறை ஆதீனத்திலே தங்கிப் பிரசங்கிக்க நேர்ந்தது. நாவலர் என்னும் பட்டம் அவருக்குக் கிடைத்தது அங்கேதான்! பின்னர்ச் சென்னையிலே யந்திரம் வாங்கி மீண்டார். பாலபாடங்களும், 1852இலே பெரியபுராண வசனமும் வெளிவந்தன.

தாமதங்களையும் பொருட்குறையையும் பொறுத்த அவர், எழுத்துப்பிழையைப் பொறுத்தாரல்லர். ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தமாகப் பதிப்பித்தமையாலேயே நாவலர் பதிப்பென்றால் இன்றும் மதிப்பு. எதைப் பொறுப்பது, எதற்காக வேலையை நிறுத்துவது என்னும் இப்பகுத்தறிவே நமக்கு வாய்ப்பது அரிது. வகுப்பிலே ஒரு பிள்ளையின் பிழையை நாளைக்குத் திருத்தலாமென்று விட்டு, வாயிலில் வந்து நிற்பவரோடு உரையாடப் போகிறோம்.

மிஷன் பாடசாலைகள் அரசினர் நன்கொடையைப் பெற்றுவர, அவருடைய வித்தியாசாலை 1870 வரையில் அதற்குக் காத்திருந்தது. அதற்கிடையே 1864இலே சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலையைத் தாபித்துவிட்டார். 1872இலே வண்ணார்பண்ணையில் ஆரம்பித்த ஆங்கிலப் பாடசாலையோ பொருள்முட்டினாற் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இதனைச் சிறிய இடையூறென்று நாம் சொல்லமாட்டோம், நட்டமே. 1877இலே பஞ்சம் வந்தபோது நூல்வேலைகள் நிற்க, ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். பூசைக்குரியது போலவே அதுவும் சிவபணியென்று கொண்டாரென அவர் செயல்களைக் கொண்டு நாம் துணிகின்றோம்.

எனினும் எல்லாவற்றிலும் அவரைப் புகழ்ந்துவிடல் நேர்மையன்று. கண்டனங்களிலும் வழக்குகளிலுஞ் சென்ற காலம் மிகுதி. 1869இலே மஞ்சக்குப்பம் நீதிமன்று வரையும் போன அருட்பா விவகாரத்தில் அவருடைய நாட்களைச் செலவிடாதிருந்தால், அவர் அச்சிடக் கருதிய நூல்களுட் சில முற்றுப்பெற்றிருக்கும் என்பது எமது எண்ணம். அதனை இடையூறென்று அவரே கருதியிரார், நாம் கருதுகின்றோம்.

1879ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி அவர் சிவபதமடைந்தார். அப்போதும் எடுத்த வேலைகள் பல குறையாகவே இருந்தன. வித்தியாசாலைகளையும் அச்சுக்கூடத்தையும் தொடர்ந்து நடத்தியவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் அச்சுயந்திரம் வாங்க அவருடன் சென்ற சதாசிவப்பிள்ளையே.