ஹாலிவுட்டின் முதல் பின்னணி இசைத்தட்டில் ஒலித்த மைசூரு குரல்: நடிகர் சாபுவின் வாழ்க்கைப் பயணம்

ஜோகுபாளையம் (பெங்களூரு): ஹாலிவுட்டின் பொற்காலம் என்று போற்றப்படும் ஆண்டுகளில் உருவான இசைக்குழுப் பின்னணி இசையில் பெரும்பகுதி, படம் திரையரங்கை விட்டு நீங்கியதும் மறக்கப்பட்டது. அந்த இசையை இன்று தேடிக் கேட்போர் முதலில் சென்று சேரும் இசைத்தட்டுகளில் ஒன்று 1942-ஆம் ஆண்டின் 'ஜங்கிள் புக்' இசைத்தொகுப்பு. அதில் கதை சொல்லும் குரல் ஓர் அமெரிக்கருடையதோ ஆங்கிலேயருடையதோ அன்று. மைசூரு சமஸ்தானத்தின் யானைக் கொட்டிலில் வளர்ந்த சாபுவின் குரல் அது.

கபினி ஆற்றங்கரையில் உள்ள காராபூரில், 1924-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் தேதி சாபு பிறந்தார். தந்தை மைசூரு மகாராஜாவின் யானைப்பாகர். காட்டு யானைகளைப் பெரிய மர அடைப்புக்குள் விரட்டிப் பிடிக்கும் 'கெட்டா' முறைக்குப் பெயர்பெற்ற வனப்பகுதி அது. தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்த சாபு, சில ஆண்டுகளில் தந்தையையும் இழந்தார். அதன்பின் அரண்மனை யானைக் கொட்டிலே அவருக்கு ஆதரவளித்தது. யானைகளுடன் அங்கே கிடைத்த பழக்கமே பின்னர் அவரது வாழ்வின் திசையை மாற்றியது.

ருட்யார்ட் கிப்ளிங்கின் யானைக் கதை ஒன்றைப் படமாக்குவதற்காக, ஆவணப்பட இயக்குநர் ராபர்ட் ஃப்ளஹர்ட்டி 1935-இல் மைசூரு வந்தார். லண்டன் ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் அதிபர் அலெக்சாண்டர் கோர்டா அவரை அனுப்பியிருந்தார். கதைநாயகனாக நடிக்க ஏற்ற சிறுவனைத் தேடிய படக்குழுவின் கண்ணில் சாபு பட்டார். மைசூரில் எடுத்த காட்சிகளைத் தொடர்ந்து எஞ்சிய படப்பிடிப்பு இங்கிலாந்தில் நடைபெற்றது. அண்ணன் ஷேக் தஸ்தகீருடன் கப்பலேறிய சிறுவன் அங்கேயே தங்கிக் கல்வி பயின்றார். அண்ணனின் பெயரும் சேர்ந்து, சாபு தஸ்தகீர் என்றே உலகம் அவரை அறிந்தது.

1937-இல் வெளியான 'எலிஃபன்ட் பாய்' வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசைப் பெற்றது. பரிசை ஃப்ளஹர்ட்டியும் அலெக்சாண்டரின் தம்பி சோல்டன் கோர்டாவும் பகிர்ந்துகொண்டனர். சாபு ஒரே படத்தில் உலகப் புகழ் பெற்றார். ஆனால் அடுத்து அவர் நடித்த 'தி டிரம்' பிரிட்டிஷ் ஆட்சியைப் புகழ்ந்து பேசும் படமாக இருந்ததால், 1938-இல் பம்பாயில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. உலகம் கொண்டாடிய இந்தியச் சிறுவனின் படம் அவரது தாய்நாட்டிலேயே கண்டனத்துக்கு உள்ளானது.

புடாபெஸ்டிலிருந்து வந்த இசை

கோர்டா சகோதரர்கள் ஹங்கேரியர்கள். அவர்களிடம் பணியாற்ற வந்த மற்றொரு ஹங்கேரியர், இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஜா. 1907-இல் புடாபெஸ்டில் பிறந்து, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இசை பயின்றவர் அவர். 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் ஓபரெட்டா இசையில் புகழ்பெற்ற ஆஸ்கர் ஸ்ட்ராஸ். அவரது இசை படத்துக்குப் பொருந்தாததால் வாய்ப்பு ரோஜாவிடம் வந்தது. சிறுவன் அபுவாக நடித்த சாபுவின் துள்ளலுக்கும், பறக்கும் கம்பளத்துக்கும், குப்பியிலிருந்து எழும் பூதத்துக்கும் பெரும் இசைக்குழுவைக் கொண்டு ரோஜா இசை தந்தார்.

படம் முடிவதற்குள் 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. எஞ்சிய பணிகள் ஹாலிவுட்டுக்கு மாற்றப்பட்டன. அவ்வாறு அமெரிக்கா சென்ற சாபுவும் ரோஜாவும் அங்கேயே தங்கினர். 1940-இல் வெளியான அப்படம் ஒளிப்பதிவு, கலை இயக்கம், சிறப்புக் காட்சிகள் ஆகியவற்றுக்காக 3 ஆஸ்கர் விருதுகளை வென்றது. ரோஜாவின் இசையும் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது.

இருவரும் மீண்டும் இணைந்த படம் சோல்டன் கோர்டா இயக்கிய 'ஜங்கிள் புக்'. மௌக்லியாக சாபு நடித்த அப்படத்தின் இசையும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. விலங்குகளுக்கு ரோஜா தனித்தனி மெட்டுகளையும் கருவி ஒலிகளையும் வகுத்திருந்தார். அந்த இசையை ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் 78 சுழற்சி இசைத்தட்டுகளாக வெளியிட முன்வந்தது. இசைக்குழுவை ரோஜா நடத்த, கதையைச் சாபு சொன்னார்.

அக்காலத்தில் படப் பாடல்களே இசைத்தட்டுகளாக விற்பனையாயின. பாடலற்ற பின்னணி இசைக்குத் தனி மதிப்பு உண்டு என்று படநிறுவனங்கள் கருதவில்லை. ஆகவே, இசைநாடகம் அல்லாத ஒரு ஹாலிவுட் படத்தின் பின்னணி இசை வணிக முறையில் இசைத்தட்டாக வெளியானதற்கு இதுவே முதல் எடுத்துக்காட்டு எனத் திரையிசை வரலாற்றில் குறிக்கப்படுகிறது.

போர் விமானத்தில்

1944 ஜனவரியில் சாபு அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். பின்னர் அந்நாட்டு ராணுவ விமானப் படையில் சேர்ந்து, பசிபிக் போர்முனையில் பி-24 குண்டுவீச்சு விமானங்களில் துப்பாக்கி வீரராகப் பல தாக்குதல்களில் பங்கேற்றார். வீரத்துக்காக வழங்கப்படும் சிறப்புமிக்க பறத்தல் சிலுவை விருதும் அவருக்குக் கிடைத்தது.

போருக்குப் பின் காட்டுச் சிறுவன் வேடத்துக்கு உரிய வயது கடந்துவிட்டது. 'பிளாக் நார்சிஸஸ்' (1947) தவிர, பெயர் சொல்லும் வாய்ப்புகள் அரிதாயின. வளர்ந்த இந்திய நடிகர் ஒருவருக்கு முதன்மை வேடம் எழுத அன்றைய ஹாலிவுட் ஆயத்தமாக இல்லை. 'மதர் இந்தியா' படத்தில் பிர்ஜு வேடத்துக்கு இயக்குநர் மெஹபூப் கான் அவரைக் கருதினார். இந்தியாவில் பணிபுரிவதற்கான அனுமதி கிடைக்காததால் அம்முயற்சி கைகூடவில்லை. அந்த வேடத்தில் சுனில் தத் நடித்தார்.

1948-இல் மணம் புரிந்த சாபுவுக்கு இரண்டு குழந்தைகள். அவருக்குத் துணையாக நின்ற அண்ணன் 1960-இல் கொள்ளை முயற்சி ஒன்றில் கொல்லப்பட்டார். 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே சாட்ஸ்வொர்த்தில் சாபு மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 39. கடைசியாக அவர் நடித்த 'எ டைகர் வாக்ஸ்' அவரது மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது.

குப்பையில் சேர்ந்த இசைத் தாள்கள்

அவர் மறைந்த காலத்தில் பழைய திரையிசையும் மதிப்பிழந்திருந்தது. எம்.ஜி.எம். நிறுவனம் 1960-களின் இறுதியில் தன் இசை நூலகத்தை அகற்றியபோது, இசைக்குழுக்களுக்காக எழுதப்பட்ட தாள்கள் குப்பையோடு சேர்ந்தன. பின்னர் அவற்றை மீட்க முயன்றோர், எஞ்சிய சுருக்கக் குறிப்புகளைக் கொண்டும், படத்தின் ஒலியைக் காதால் கேட்டும் ஒவ்வொரு கருவிக்குரிய பகுதியையும் மீண்டும் எழுத நேர்ந்தது.

1972-இல் நிலை மாறத் தொடங்கியது. இசை நடத்துநர் சார்லஸ் கெர்ஹார்ட், ஹாலிவுட் இசையைப் புதிதாகப் பதிவு செய்யும் தொடரை ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்காகத் தொடங்கினார். இசையமைப்பாளர் எல்மர் பெர்ன்ஸ்டைன் தாமே ஒரு பதிவுத் தொடரை நடத்தி, 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' இசையையும் மீட்டார். 3 ஆஸ்கர் விருதுகள் வென்ற ரோஜா, தம் பழைய படைப்புகள் மீண்டும் கேட்கப்படுவதைக் கண்ட பின்னரே 1995-இல் மறைந்தார். சாபுவுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இந்நிலை ஹாலிவுட்டுக்கு மட்டும் உரியதன்று. அதே காலத் தமிழ்ப் படங்களிலும் இசைத்தட்டு ஏறியவை பாடல்களே. 1948-இன் 'சந்திரலேகா' போன்ற படங்களுக்காகப் பெரும் இசைக்குழுக்கள் வாசித்த பின்னணி இசையை இன்று படச்சுருளின் ஒலிப்பட்டையில், வசனத்தோடும் முரசொலியோடும் கலந்தே கேட்க முடிகிறது.

'ஜங்கிள் புக்' திரைப்படம் அமெரிக்காவில் பொதுவுடைமையாகிவிட்டதால் இணையத்தில் எளிதில் கிடைக்கிறது. ஜோகுபாளையத்திலிருந்து காராபூருக்குச் சாலை வழியே சில மணி நேரப் பயணம். அங்கே யானைகளோடு வளர்ந்த சிறுவனின் குரலை இசைத்தொகுப்பின் பழைய பதிவில் இன்றும் கேட்கலாம்.