ஹைதராபாத்துக்கு வந்த ரசாயன வாத்தியார்

ஹைதராபாத்தில் வசிக்கும் நம் உறுப்பினர்களுக்கு அபிட்ஸ் பகுதி நன்றாகத் தெரியும். வெளியூர் அன்பர்களும் நாம்பள்ளி ரயில் நிலையத்தில் இறங்கி அந்த வழியாகப் போயிருப்பீர்கள். அங்கே கடைகளுக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் நடுவில் கோல்டன் த்ரெஷோல்டு என்ற பழைய வீடு ஒன்று இருக்கிறது. கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் இல்லம் அது. அவருடைய மகள் பத்மஜா நாயுடு அதைப் பொதுக் காரியத்துக்காகக் கொடுத்துவிட்டார். 1974ல் உருவான ஹைதராபாத் பல்கலைக்கழகம் கச்சிபௌலிக்குப் போவதற்கு முன் முதலில் இயங்கியது இந்த வீட்டில்தான்.

சரோஜினி தேவியைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவருடைய தகப்பனாரைப் பற்றி இந்த ஊரிலேயே பலருக்குத் தெரியாது. அவர் பெயர் அகோரநாத் சட்டோபாத்யாயர். அந்தக் காலத்தில் ரசாயன சாஸ்திரத்தில் நம் தேசத்தில் மிக உயர்ந்த பட்டம் பெற்றவர். அப்படிப்பட்டவர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதிலும் பள்ளிக்கூடத்தைக் கட்டி வளர்ப்பதிலும் செலவிட்டார். ரசாயனம் படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்தில் காலம் கழித்து ஓய்வு பெற்ற எனக்கு, இவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வங்காளத்திலிருந்து எடின்பரோ வரை

இன்றைய பங்களாதேஷில் டாக்காவுக்கு அருகே விக்ரம்பூர் என்று ஒரு பிரதேசம். பண்டிதர்கள் மிகுந்த இடம். அங்கே பிராமண்காவ் என்ற கிராமத்தில், தலைமுறை தலைமுறையாக ஸம்ஸ்க்ருதம் கற்ற ஒரு குடும்பத்தில் 1850ஐ ஒட்டிப் பிறந்தவர் அகோரநாத். கல்கத்தா பிரஸிடென்ஸி காலேஜில் படித்தார். இளம் வயதிலேயே பிரம்ம ஸமாஜத்தில் சேர்ந்தார். பிறகு கில்கிரைஸ்ட் உபகாரச் சம்பளம் கிடைத்து ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

கடல் தாண்டிப் போவதே தோஷம் என்று கருதப்பட்ட காலம் அது. எடின்பரோவில் அப்போது ரசாயனப் பேராசிரியராக இருந்தவர் கிரம் பிரவுன். அணுக்களைக் கோடுகளால் இணைத்து மூலக்கூறின் அமைப்பைப் படமாக எழுதும் முறையைக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர். நாம் பள்ளியில் கரிம ரசாயனம் படித்தபோது நோட்டில் கோடு கோடாகப் போட்டோமே, அந்த முறைதான். அங்கே அகோரநாத் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் இவரே என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் அதே எடின்பரோவில் அதே பட்டத்தைப் பெற்றது 1887ல். அதாவது, ராய் அவர்களுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பாதையில் நடந்தவர் இவர். ராய் கல்கத்தாவில் ஆய்வுக்கூடத்தையும் ரசாயனத் தொழிற்சாலையையும் வளர்த்துப் பெரும் புகழ் அடைந்தார். அகோரநாத் போன பாதை வேறு.

நிஜாம் ராஜ்யத்தில் ஒரு பள்ளிக்கூடம்

1878ல் அவர் ஹைதராபாத் ஸமஸ்தானத்துக்கு வந்தார். அப்போது முதல் ஸாலார் ஜங் திவானாக இருந்தார். ஆறாவது நிஜாம் மகபூப் அலி கான் இன்னும் மைனர் பையன். அரசாங்கக் காரியங்கள் பாரசீக மொழியில் நடந்தன. உருது அந்த இடத்துக்கு வந்தது 1880களில்தான். விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தையும் முறையாகச் சொல்லித்தரும் பள்ளிகள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. அப்படி இருந்தவற்றில் ஒன்று நம் தமிழர் ஒருவர் தொடங்கியது என்பது பெருமைக்குரிய விஷயம். சிகந்தராபாத்தில் 1862ல் சோமசுந்தரம் முதலியார் ஏற்படுத்திய பள்ளியே பிற்பாடு மகபூப் காலேஜ் ஆயிற்று. 1893 பிப்ரவரியில் ஸ்வாமி விவேகானந்தர் அமெரிக்கா புறப்படுமுன் பேசியது அங்கேதான்.

அகோரநாத் ஹைதராபாத்தில் ஆங்கில வழிக் கல்விக்கான பள்ளியை நடத்தத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்த ஹைதராபாத் காலேஜுக்கு அவரே பிரின்ஸிபால். 1887ல் இது மதரஸே ஆலியாவோடு இணைந்து நிஜாம் காலேஜ் ஆனது. சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு, 1947ல் உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு மாறும் வரை அப்படியே இருந்தது. அறுபது ஆண்டுகள் ஹைதராபாத் பிள்ளைகள் எழுதியது சென்னைப் பரீட்சை என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

பிரின்ஸிபால் என்றதும் அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர் என்று எண்ண வேண்டாம். பாடத்திட்டம், மொழி, படிக்கப் பிள்ளைகள், சொல்லிக் கொடுக்க ஆசிரியர்கள் என்று எல்லாமே புதிதாகத் தேட வேண்டிய நிலை. இதோடு பெண் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று இந்த ஊரில் முதலில் குரல் கொடுத்தவர்களில் அவரும் அவர் மனைவி வரதசுந்தரி தேவியும் உண்டு.

பதவி போனது

1883 பிப்ரவரியில் ஸாலார் ஜங் காலமானார். அதற்குச் சில மாதங்களில் வந்தது சாந்தா ரயில்வே விவகாரம். ஸமஸ்தானத்தின் ரயில் பாதையை வாரங்கல் வழியாக சாந்தா வரை நீட்டுவதாகத் திட்டம். மூலதனம் லண்டனில் திரட்டப்படும். ஆனால் முதலீடு செய்கிறவர்களுக்கு வட்டி கொடுக்க உத்தரவாதம் தருவது நிஜாம் அரசாங்கம். நஷ்டம் வந்தால் சுமை ஹைதராபாத் ஜனங்கள் தலையில் விழும் என்பது வெளிப்படை. ஒப்பந்தத்தின் விவரங்களை ஜனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், அவர்கள் கருத்தைக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும் என்று ஊரில் சிலர் கமிட்டி அமைத்துக் கேட்டார்கள். அதில் முன்னால் நின்றவர்கள் அகோரநாத்தும் முல்லா அப்துல் கய்யூமும்.

கேட்டது கணக்கு மட்டுமே. ஆனாலும் 1883 மே மாதம் அகோரநாத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து ஸமஸ்தானத்தை விட்டே வெளியேற்றினார்கள். வீட்டில் மனைவியும் சிறு குழந்தைகளும். சரோஜினிக்கு அப்போது நான்கு வயது.

அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். நடத்தை விதிகள் எனக்கு மனப்பாடம். மேலிடத்தின் முடிவு சரியில்லை என்று தெரிந்தும் கோப்பில் ஒரு வரி எழுதாமல் அனுப்பி வைத்த சந்தர்ப்பங்கள் எனக்கும் உண்டு. ஓய்வூதியம், பிள்ளைகள் படிப்பு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. அவருக்கும் அதே காரணங்கள் இருந்தன. இருந்தும் அவர் கேட்டார். இந்த வித்தியாசத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

இதைவிட என்னை வியக்க வைப்பது அடுத்து நடந்தது. சில ஆண்டுகளில் ஸமஸ்தானம் அவரைத் திரும்ப அழைத்தது. அவர் வந்தார். அவமானப்படுத்திய ஊருக்கு எதற்குப் போக வேண்டும் என்று கல்கத்தாவிலேயே தங்கியிருக்கலாம். அவருடைய பட்டத்துக்கு வேலை கிடைக்காமல் போயிருக்காது. ஆனால் அவர் வந்து மறுபடியும் வகுப்பறைக்குள் நுழைந்தார். ரோஷம் பெரிதா, பள்ளிக்கூடம் பெரிதா என்றால் அவருக்குப் பள்ளிக்கூடமே பெரிதாக இருந்திருக்கிறது.

வீடும் ஒரு பள்ளிக்கூடம்

அவர் வீட்டின் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது. முஸ்லிம் கவிஞர்கள், ஹிந்து பண்டிதர்கள், உத்தியோகஸ்தர்கள், மாணவர்கள் என்று எப்போதும் கூட்டம். சம்பாதித்த பணம் இரண்டு வழியில் போயிற்று. ஒன்று, உதவி கேட்டு வந்தவர்களுக்கு. இன்னொன்று, ரஸவாதத்துக்கு. ஆமாம், எடின்பரோவில் நவீன ரசாயனம் படித்தவர், தாழ்ந்த உலோகத்தைத் தங்கமாக்கும் வித்தையிலும் ஆசை வைத்திருந்தார். விஞ்ஞானப் பட்டதாரிகள் சிரிக்க வேண்டாம். நியூட்டனே அதில் பல வருஷங்களைச் செலவிட்டவர். ஒரு தனிமத்தை இன்னொன்றாக மாற்ற முடியும் என்பதை ரூதர்போர்டு நைட்ரஜனை வைத்து 1919ல் காட்டினார். அகோரநாத் அதற்கு நான்கு வருஷம் முன்பே காலமாகிவிட்டார். அவர் அடுப்பில் தங்கம் வரவேயில்லை.

ஆசிரியர் என்ற முறையில் அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலம் பேச மாட்டேன் என்று அடம் பிடித்த ஒன்பது வயது சரோஜினியை ஒரு நாள் முழுக்க அறையில் அடைத்து வைத்தார். அன்றைய வழக்கம் அது. இன்று எந்த ஆசிரியரும் அப்படிச் செய்யக்கூடாது. அந்தப் பெண்ணைக் கணித மேதையாகவோ விஞ்ஞானியாகவோ ஆக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவளோ பதினோரு வயதில் அல்ஜீப்ரா கணக்குக்கு விடை வராமல் உட்கார்ந்திருந்தபோது, கணக்குக்குப் பதிலாகக் கவிதை எழுதினாள். இதைப் பார்த்தும் தகப்பனார் அவள் வழியை அடைக்கவில்லை. 1891ல், பன்னிரண்டு வயதில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷனில் அவள் தேறினாள். நிஜாமின் உபகாரச் சம்பளத்தில் 1895ல் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனாள். தன் ஆசையைப் பிள்ளை மேல் சுமத்தாமல் விட்டாரே, அதுவும் ஒரு நல்லாசிரியரின் லக்ஷணம்தான்.

1898ல் சரோஜினி, டாக்டர் கோவிந்தராஜுலு நாயுடுவைச் சென்னையில் மணந்தார். வேறு ஜாதி, வேறு மாகாணம். 1872ம் வருஷத்துச் சட்டப்படி நடந்த அந்தக் கல்யாணத்தில் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு முன்நின்றார். தகப்பனார் தடுக்கவில்லை. நம் சங்கப் பத்திரிகையில் இதை எழுதுவது சில அன்பர்களுக்கு நெருடலாக இருக்கலாம். ஆனால் ஒருவரின் சரித்திரத்தை எழுதும்போது நமக்குப் பிடித்த பக்கங்களை மட்டும் எழுதுவது நியாயமாகாது. அவர் வேதமும் ஸம்ஸ்க்ருதமும் அறிந்த வம்சத்தில் வந்தவர். வித்யையைத் தேடுவது, தேடியதை மறைக்காமல் கொடுப்பது, இந்த இரண்டைத்தான் அந்த வம்சத்தின் சொத்தாக அவர் எடுத்துக்கொண்டார். மற்றவற்றை விட்டுவிட்டார்.

அவருடைய எட்டுக் குழந்தைகளில் வீரேந்திரநாத் ஐரோப்பாவில் புரட்சிக்காரராக வாழ்ந்து 1937ல் சோவியத் நாட்டில் உயிரிழந்தார். ஹரீந்திரநாத் கவிஞர், நாடகக்காரர். 1952ல் விஜயவாடாவிலிருந்து லோக்சபாவுக்கும் போனார். மிருணாளினி கல்வித் துறையிலேயே உழைத்தார். அகோரநாத் கடைசிக் காலத்தில் கல்கத்தாவுக்குப் போய், 1915 ஜனவரியில் அங்கே காலமானார்.

நமக்கு என்ன?

போன வருஷம் ஒரு நாள், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாளின் பெண் படிக்கும் பள்ளிக்கு ஒரு காரியமாகப் போக நேர்ந்தது. பெயர் வேண்டாம். ஆய்வுக்கூடம் பூட்டியிருந்தது. விஞ்ஞான ஆசிரியை நல்ல படிப்பாளி. ஆனால் மூன்று வகுப்புகளுக்கு அவர் ஒருவரே. பிராக்டிகலுக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்து, முடிந்தபின் கழுவி வைக்க ஆள் இல்லாததால் கரும்பலகையிலேயே பரிசோதனையை நடத்தி முடிக்கிறார். நன்கொடை ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். பணம் வேண்டாம், வாரம் ஒரு நாள் கூட நின்று உதவ ஆள் கிடைத்தால் போதும் என்றார்.

அதிலிருந்து சனிக்கிழமை காலையில் நானும் இன்னொரு நண்பரும் போகிறோம். பாடம் நடத்துவது அவர்தான். பியூரெட் கழுவுவது, கரைசல் தயார் செய்வது, பிள்ளைகள் அளவைச் சரியாகப் படிக்கிறார்களா என்று பார்ப்பது எங்கள் வேலை. பிங்க் நிறம் ஒரு சொட்டில் தோன்றி நிற்கும்போது அந்தப் பெண்கள் முகத்தில் வரும் சந்தோஷத்தை, ஐம்பது வருஷத்துக்குப் பிறகு நான் மறுபடியும் பார்த்தேன்.

பல ஊர்களிலும் நம் உறுப்பினர்களில் ஓய்வு பெற்ற விஞ்ஞானப் பட்டதாரிகள், கணக்கு அதிகாரிகள், பொறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ஸ்காலர்ஷிப் நிதிக்குக் கொடுப்பது நல்ல காரியம், அது தொடரட்டும். அதோடு பக்கத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்து, ஆசிரியருக்கு எதில் கை குறைகிறது என்று கேளுங்கள். அவர் இடத்தை நாம் பிடிக்க வேண்டாம். அவர் பக்கத்தில் நின்றால் போதும். டி.எஸ்ஸி. பட்டத்தோடு வந்தவரே பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆயுளைக் கொடுத்தார். நம்மால் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் கொடுக்க முடியாதா?