வில்லியம் பக்லி (1780 – 1856)

மாணவர்களே, 1788 முதல் பிரித்தானியா தன் நாட்டுக் கைதிகளைக் கப்பல்களில் ஏற்றி அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவரே போர்வீரரான வில்லியம் பக்லி. குடியேறியவர்களுக்கும் சுதேச மக்களுக்கும் இடையே நின்ற ஒருவர் எதிர்கொண்ட சோதனையை அவரது வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.

இளமையும் தண்டனையும்

பக்லி 1780இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பிறந்தார். பாட்டனாரின் வீட்டில் வளர்ந்து மேசன் தொழில் பழகினார். பின்னர் படையில் சேர்ந்தார். 1799இல் ஒல்லாந்தில் நடந்த போரில் அவரது கையில் காயம் ஏற்பட்டது. 1802இல் களவாடப்பட்ட துணியை வைத்திருந்த குற்றத்துக்காக அவருக்கு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு பெண் கொடுத்த துணியையே தாம் சுமந்து சென்றதாகவும், அது களவுப் பொருள் என அறியாதிருந்ததாகவும் அவர் பிற்காலத்தில் கூறினார்.

தப்பியோட்டம்

1803 ஒக்டோபரில் கல்கத்தா என்னும் கப்பல் பக்லியையும் ஏனைய கைதிகளையும் போர்ட் பிலிப் குடாவில் இறக்கியது. அங்கே நன்னீரும் நல்ல மண்ணும் போதியளவு இருக்கவில்லை. டிசெம்பர் 27ஆந் திகதி இரவு பக்லி சிலருடன் தப்பியோடினார். ஒருவர் சுடப்பட்டார். ஏனையோர் வழியில் பிரிந்து திரும்பினர். பக்லி மாத்திரம் குடாவைச் சுற்றி மேற்குக் கரைக்குச் சென்றார். 1804இல் அக்குடியேற்றமே கைவிடப்பட்டு, அங்கிருந்தோர் ஹோபார்ட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

சுதேச மக்களுடன் 32 ஆண்டுகள்

சிப்பிகளையும் காட்டுப் பழங்களையும் உண்டு பக்லி உயிர் பிழைத்தார். ஒரு புதைகுழியில் நடப்பட்டிருந்த ஈட்டியை எடுத்து ஊன்றுகோலாகக் கொண்டார். அதைக் கண்ட வத்தவுரோங் மக்கள், இறந்துபோன தம் உறவினரான முரங்கர்க் என்பவரே மீண்டு வந்துள்ளார் என நம்பினர். பக்லிக்கு உணவும் உறவும் கிடைத்தன. அவர் அம்மக்களின் மொழியையும் வேட்டை முறைகளையும் கற்றார். நாளடைவில் ஆங்கிலத்தையே மறந்தார்.

மீள்வருகை

1835 யூலையில் ஜோன் பட்மன் என்பவரின் ஆட்கள் தங்கியிருந்த முகாமுக்குப் பக்லி சென்றார். அவரது கையில் பச்சை குத்தியிருந்த எழுத்துக்களைக் கொண்டு அவர் ஓர் ஆங்கிலேயர் என அறிந்தனர். பாணைக் கையில் கொடுத்தபோது அதன் ஆங்கிலச் சொல் அவருக்கு நினைவு வந்தது. சுதேச மக்களில் ஒரு பகுதியினர் முகாமைத் தாக்க எண்ணியதாகவும், தாம் அதைத் தடுத்ததாகவும் அவர் பின்னர் கூறியுள்ளார். அவ்வாண்டிலேயே அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். போர்வைகள், கத்திகள், கோடரிகள் முதலியவற்றைக் கொடுத்து ஏறத்தாழ 600,000 ஏக்கர் நிலத்தை வாங்கியதாகப் பட்மன் கூறினார். நிலத்தை விற்கும் உரிமை பெற்ற தலைவர் எவரும் அம்மக்களிடம் இல்லை என்பது பக்லியின் கருத்து. ஆளுநர் போர்க் 1835 ஓகஸ்டில் அவ்வுடன்படிக்கையைச் செல்லாததாக்கினார். ஆனால் நிலம் சுதேச மக்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அது பிரித்தானிய முடிக்குரியது என்றே அறிவிக்கப்பட்டது.

பக்லி மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். குடியேறியவர்கள் அவரைச் சுதேச மக்களின் ஆள் எனச் சந்தேகித்தனர். சுதேச மக்களோ, தம் நிலத்தைப் பறித்தவர்களின் பக்கத்தில் அவரைக் கண்டனர். இரு பக்க நம்பிக்கையையும் இழந்த அவர் 1837இன் இறுதியில் ஹோபார்ட்டுக்குப் புறப்பட்டார்.

இறுதிக் காலம்

அங்கே பெண்கள் சிறைச்சாலையில் வாயிற்காவலராக வேலை செய்தார். 1840இல் ஒரு விதவையை மணந்தார். எழுத வாசிக்கத் தெரியாத அவரது வரலாற்றை ஜோன் மோர்கன் எழுதி 1852இல் வெளியிட்டார். வண்டியிலிருந்து விழுந்து காயமுற்ற பக்லி 1856 சனவரி 30இல் காலமானார்.

மாணவர்களே, பக்லியை நாடுகடத்தியது அவர் பிறந்த நாடு. காப்பாற்றியது அவர் அறியாத மக்கள். அம்மக்களின் நிலம் பறிபோனபோது அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. இதனை மனத்திற் கொண்டு விடையளியுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. பக்லி நாடுகடத்தப்பட்டமைக்கான காரணம் யாது?
2. வத்தவுரோங் மக்கள் அவரை ஏற்றுக்கொண்டது ஏன்?
3. பட்மனின் நில உடன்படிக்கை இரத்துச் செய்யப்பட்டமை சுதேச மக்களுக்கு நன்மை தந்ததா? விளக்குக.