கம்பெனி கையைவிட்டுப் போச்சு... ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிஞ்சுச்சு! எம்.ஜி கார்களை உருவாக்கிய செசில் கிம்பரின் கதை

எம்.ஜி-ன்னு சொன்னதும் நம்ம ஊர்ல ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். ஒண்ணு, பக்கத்துலேயே ஒரு ஆர் தானா ஒட்டிக்கிற எம்.ஜி.ஆர். இன்னொண்ணு, 2019-லிருந்து நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஹெக்டர் எஸ்யூவி. அந்த காரின் முகப்பில் எட்டு மூலையுள்ள ஒரு சின்னம் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? அந்த எண்கோணத்துக்குள் இருக்கும் இரண்டு எழுத்துகளுக்கு நூறு வருடக் கதை உண்டு. அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு மனிதரின் கதை. அவர் பெயர் செசில் கிம்பர்.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்வதற்கு முன்னால், இங்கிலாந்தில் குளிர்காலம் முடியும் நேரத்தில் என்ன நடக்கும்னு பார்த்துடலாம்.

குளிர் மாதங்களில் அங்கே சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவாங்க. பழைய கார்களின் இரும்புக்கு அந்த உப்புதான் எமன். அதனால், கிளாசிக் கார் வெச்சிருக்கிறவங்க பலரும் குளிர் தொடங்கும்போதே காரை ஷெட்டுக்குள் விட்டு, போர்வை போர்த்தி மூடிடுவாங்க. மார்ச் மாதம் டாஃபடில் பூக்கள் மஞ்சளாகத் தலைகாட்டும். ரெண்டு மழை பெய்து சாலையில் இருக்கும் உப்பும் கழுவிப்போகும். அப்போதான் போர்வை விலகும். பேட்டரியை மாட்டி, டயருக்குக் காத்தடிச்சு, சாவியைத் திருப்பினால், பழைய எம்.ஜி-யில் முதலில் கேட்பது இன்ஜின் சத்தம் இல்லை. பெட்ரோல் பம்ப்பின் டிக் டிக் டிக். மூணு மாதமாக அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தவருக்கு அதுவே பாதி சந்தோஷம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒரு கிராமத்து பப் வாசலில் பத்திருபது கார்கள் வரிசையாக நிற்கும். எல்லா பானெட்டும் திறந்திருக்கும். கையில் டீயோ பியரோ. கார்புரேட்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேச்சு. பரிசு கிடையாது, போட்டி கிடையாது. ஏப்ரல் மாதத்தில் ஒரு ஞாயிறு, நாடு முழுக்கப் பழைய வண்டிகளை வெளியே எடுக்கிற நாளாகவே கொண்டாடப்படுகிறது. 1900-ல் இதே வசந்த காலத்தில் பிரிட்டனைச் சுற்றி நடந்த ஆயிரம் மைல் கார் பயணத்தின் நினைவாக.

சாதாரண சம்பளக்காரரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரோடு இந்த வரிசையில் வந்து நிற்க முடியுதுன்னா, அதில் கிம்பருக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு.

உடைந்த காலும் முதல் காரும்

1888 ஏப்ரல் 12-ம் தேதி லண்டனில் பிறந்தவர் செசில் கிம்பர். பிறகு குடும்பம் மான்செஸ்டர் பக்கம் குடியேறியது. குடும்பத் தொழில், அச்சு மை. பையனுக்கோ மோட்டார் சைக்கிள்தான் உயிர். அந்த ஆசை ஒருநாள் விபத்தில் போய் முடிந்தது. வலது கால் மோசமாக முறிந்தது. மாதக்கணக்கில் சிகிச்சை. கால் பிழைத்தது, ஆனால் குட்டையாகிவிட்டது. கடைசிவரை தாங்கித் தாங்கித்தான் நடந்தார்.

கிடைத்த நஷ்டஈட்டுப் பணத்தில் 1913-ல் சிங்கர் 10 என்ற சின்ன காரை வாங்கினார். பைக்கில் உட்கார முடியாமல் போன இளைஞர், காருக்கு மாறிய கதை இதுதான். அடுத்த வருடம் முதல் உலகப் போர் வெடித்தது. கால் காரணமாக அவரைப் படையில் எடுக்கவில்லை. மைத் தொழிலை விட்டுவிட்டு கார் கம்பெனிகளில் வேலை பார்க்க ஆரம்பித்தார். ஷெஃபீல்ட் சிம்ப்ளக்ஸ், ஏ.சி. என்று ஒவ்வொரு இடமாக மாறி மாறித் தொழில் கற்றார்.

1921-ல் ஆக்ஸ்ஃபோர்டு வந்து சேர்ந்தார். அங்கே வில்லியம் மாரிஸுக்குச் சொந்தமான மாரிஸ் கராஜஸ் என்ற கார் விற்பனை நிலையத்தில் சேல்ஸ் மேனேஜர் வேலை. அடுத்த வருடமே ஜெனரல் மேனேஜர். எம்.ஜி என்பதன் விரிவு இந்த மாரிஸ் கராஜஸ்தான். ஒரு ஷோரூமின் இனிஷியல்!

ஈஸ்டர் விடுமுறையில் ஒரு மெடல்

மாரிஸ் கார்கள் அன்றைக்கு மலிவு, உழைப்பு, நம்பிக்கை. அழகு, வேகம் என்ற பேச்சே கிடையாது. கிம்பர் அதே சேஸியை எடுத்தார். ஸ்பிரிங்கைத் தட்டையாக்கி காரின் உயரத்தைக் குறைத்தார். ஸ்டீயரிங் தண்டைச் சாய்த்து வைத்தார். மேலே லேசான, பார்க்க லட்சணமான பாடியை மாட்டினார். விலை கொஞ்சம் கூடியது. ஆனால், ஓட்டுகிறவர் முகத்தில் சிரிப்பு வந்தது. ஷோரூம் மேனேஜர் ஒருத்தர், விற்கிற காரையே மாற்றிக் கட்டி விற்ற கதை இது.

விளம்பரத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் லேண்ட்ஸ் எண்ட் டிரையல். லண்டன் பக்கத்தில் கிளம்பி, ராத்திரி முழுக்க ஓட்டி, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையைத் தொட வேண்டும். இது ரேஸ் இல்லை. குறித்த நேரத்துக்குள் ஒவ்வொரு இடத்தையும் கடக்கணும், டெவன், கார்ன்வால் பக்கத்து செங்குத்தான மண் ஏற்றங்களில் நடுவில் நிற்காமல் ஏறணும். அதைச் செய்து முடித்தால் கோல்ட் மெடல். 1923-ல் மாரிஸ் காரில் போய் ஒரு மெடல் வாங்கி வந்தார் கிம்பர்.

1925 ஈஸ்டருக்கு, இதற்கென்றே கட்டிய ஒரு தனி காரோடு வந்தார். பக்கத்து சீட்டில் வில்ஃப்ரிட் மாத்யூஸ் என்ற இன்ஷூரன்ஸ் துறை நண்பர். மறுபடியும் கோல்ட் மெடல். அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 12. கிம்பரின் 37-வது பிறந்தநாள்.

வேலை முடிந்ததும் அந்த காரை 300 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். வருடங்கள் கழித்து, கம்பெனி அதை வெறும் 15 பவுண்டுக்குத் திரும்ப வாங்கியது. எம்.ஜி முத்திரையோடு அதற்கு முன்பே கார்கள் விற்பனையாகி இருந்தன. ஆனாலும், ஓல்டு நம்பர் ஒன் என்ற பெயர் இந்த காருக்குத்தான் நிலைத்தது. இன்றைக்கு அது இங்கிலாந்தின் கேடன் கிராமத்தில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் செல்லப்பிள்ளை.

175 பவுண்டு கனவு

அந்தக் காலத்தில் பென்ட்லி மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்றால் ஆயிரம் பவுண்டுக்கு மேல் வேண்டும். வீடே வாங்கலாம். 1928 லண்டன் மோட்டார் ஷோவில் கிம்பர் கொண்டுவந்து நிறுத்திய எம் டைப் மிட்ஜெட்டின் விலை 175 பவுண்டு. 847 சிசி இன்ஜின். பிளைவுட் பாடிக்கு மேல் துணி இழுத்து ஒட்டியது. பின்பக்கம் படகு மாதிரி கூர்மை. குமாஸ்தா, ஆசிரியர், இளம் டாக்டர் என இதுவரை கண்ணாடி வழியே பார்த்து நின்றவர்கள் உள்ளே போய்ப் பணம் கட்டினார்கள். 3,000-க்கு மேல் விற்றது. இடம் பத்தாமல், 1929-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்து ஊரான அபிங்டனில் ஒரு பழைய தோல் தொழிற்சாலைக் கட்டடத்துக்குக் குடிபோனது எம்.ஜி.

கார் வாங்கினவங்க அடுத்து என்ன செய்வாங்க? இன்னொருத்தர் வாங்கியதைப் பார்க்க ஆசைப்படுவாங்க. 1930 அக்டோபரில், லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜ் அருகில் ஒரு விடுதியில் எம்.ஜி ஓட்டுபவர்கள் சிலர் கூடினார்கள். எம்.ஜி கார் கிளப் அப்படித்தான் பிறந்தது. கிம்பர் இதை வெறும் வாடிக்கையாளர் கூட்டமாகப் பார்க்கவில்லை. கிளப்பின் செயலாளராக ஓடியாடிய ஜான் தோர்ன்லி என்ற இளைஞர், கணக்குத் துறையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தவர். அவரை 1931-ல் கம்பெனிக்குள்ளேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் அந்த தோர்ன்லிதான் அபிங்டனின் ஜெனரல் மேனேஜர் ஆனார்!

ரேஸ் களத்திலும் எம்.ஜி-க்கு ஏறுமுகம். 1931-ல் ப்ரூக்லேண்ட்ஸ் டபுள் டுவெல்வ் போட்டியில் முதல் ஐந்து இடங்களும் எம்.ஜி-க்கே. 1933 ஏப்ரலில் இத்தாலியின் மில்லே மிலியாவில் கே3 கார்கள் தங்கள் பிரிவில் ஜெயித்து, டீம் பரிசையும் தட்டி வந்தன. அதே வருடம் இத்தாலிய ஜாம்பவான் நுவோலாரி, கே3-யை ஓட்டி அல்ஸ்டர் டிடி பந்தயத்தை வென்றார்.

கட்டியவர் ஒருத்தர், முதலாளி ஒருத்தர்

இவ்வளவும் செய்தவர் கிம்பர். ஆனால், கம்பெனி மாரிஸுடையது. அந்த வித்தியாசம் 1935-ல் உறைத்தது. மாரிஸ், தன் தனிப்பட்ட சொத்தாக இருந்த எம்.ஜி-யைத் தன்னுடைய பெரிய நிறுவனமான மாரிஸ் மோட்டார்ஸுக்கு விற்றார். ஒரே நாளில் கணக்கு மாறியது. ரேஸ் பிரிவுக்கு மூடுவிழா. டிசைன் வேலை முழுக்கத் தலைமையகம் இருந்த கௌலிக்குப் போனது. அபிங்டனில் கிம்பரின் நாற்காலி இருந்தது, முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. வீட்டிலும் சோதனை. நெடுநாள் உடம்பு சரியில்லாமல் இருந்த மனைவி ரீனி 1938-ல் இறந்துபோனார்.

1939-ல் இரண்டாம் உலகப் போர். கார் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை சும்மா கிடந்தால் தொழிலாளர்கள் கதி? கிம்பர் தானே அலைந்து போர்க்கால வேலைகளைப் பிடித்து வந்தார். ஆல்பமார்ல் என்ற குண்டுவீச்சு விமானத்தின் முன்பகுதியைச் செய்யும் ஆர்டர் அதில் ஒன்று. தலைமையிடம் கேட்காமல் எடுத்த ஆர்டர் அது. அதையே காரணமாக வைத்து 1941 நவம்பரில் அவரைப் பதவி விலகச் சொல்லிவிட்டார்கள். இருபது வருட உழைப்பு! அதற்குப் பிறகு அபிங்டனில் அவருக்கு வேலை இல்லை.

நொந்து உட்காரவில்லை மனிதர். வேறு கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசியாக இருந்தது பிஸ்டன் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில்.

1945 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை மாலை. வேலை விஷயமாக பீட்டர்பரோ போக, லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். கடைசிப் பெட்டியில் இடம். ஸ்டேஷனை விட்டதும் ஒரு சுரங்கப்பாதை, ஏற்றம் வேறு. இன்ஜினின் சக்கரங்கள் தண்டவாளத்தில் வழுக்கின. இருட்டில் ரயில் முன்னே போகாமல், மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது. கடைசிப் பெட்டி தடம் புரண்டு சிக்னல் கம்பத்தில் மோதியது. இரண்டு பயணிகள் இறந்தார்கள். ஒருவர் கிம்பர். வயது 56. வேகத்துக்காகவே கார் கட்டியவரின் உயிர், ஆள் ஓடிப் பிடிக்கிற வேகத்தில் உருண்ட ஒரு ரயிலில் போனது.

அவர் பார்க்காத வசந்தம்

மூன்றே மாதத்தில் ஐரோப்பாவில் போர் முடிந்தது. அதே வருடம் அபிங்டனிலிருந்து எம்.ஜி டிசி வெளியே வந்தது. கிம்பர் காலத்து மிட்ஜெட்டின் நேரடி வாரிசு. ஒல்லியான 19 இன்ச் கம்பிச் சக்கரங்கள், முன்னால் மடக்கிப் படுக்கவைக்கும் கண்ணாடி, நீண்ட பானெட். 1949-க்குள் சுமார் 10,000 கார்கள் தயாராகின. அதில் 2,000 போல அமெரிக்காவுக்குப் போயின. இங்கிலாந்தில் தங்கியிருந்த அமெரிக்க வீரர்கள் இந்த மாதிரி சின்ன கார்களில் மயங்கித் திரும்பியிருந்தார்கள். அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் மோகம் பரவியதற்கு இந்த டிசி ஒரு முக்கியக் காரணம்.

அபிங்டன் தொழிற்சாலை 1980-ல் மூடப்பட்டது. எம்.ஜி என்ற பெயர் கைமாறிக் கைமாறி இன்று சீன நிறுவனமான எஸ்ஏஐசி-யிடம் இருக்கிறது. முதலாளிகள் வந்தார்கள், போனார்கள். அந்த 1930 விடுதிக் கூட்டம் மட்டும் கலையவே இல்லை. எம்.ஜி கார் கிளப்பின் தலைமையகம் இப்போதும் அபிங்டனில்தான், பழைய தொழிற்சாலை இருந்த இடத்துக்குப் பக்கத்தில். கட்டடத்தின் பெயர் கிம்பர் ஹவுஸ்.

நாம பார்த்துப் பார்த்துக் கட்டின ஒண்ணு, ஒருநாள் நம்ம கையில் இல்லாமல் போகலாம். வேலை பார்க்கிற எல்லாருக்கும் உள்ளே இருக்கிற பயம்தான் இது. கிம்பருக்கு அது நிஜமாகவே நடந்தது. ஆனால், அவர் விற்ற கார்களை நம்பி ஒருத்தரை ஒருத்தர் தேடிப்போய் நண்பர்களானவர்களை எந்த போர்டு மீட்டிங்காலும் வேலையை விட்டு அனுப்ப முடியவில்லை.

லேண்ட்ஸ் எண்ட் டிரையல் இப்பவும் ஈஸ்டருக்கு நடக்குது. அந்த ராத்திரியில் ஏதோ ஒரு பழைய எம்.ஜி, ஹெட்லைட் மங்கலாக எரிய, மண் ஏற்றத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கும். அடுத்த முறை சிக்னலில் அந்த எண்கோணச் சின்னத்தைப் பார்த்தால், தாங்கித் தாங்கி நடந்த ஒரு மனிதரைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க!