தனதல்லாத வீட்டைக் காத்தவர்

மாமல்லபுரம் செல்லும் நம்மில் பலர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறோம். குன்றின் மேல் ஏறிப் பார்த்தால், மகிடாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே, சிகரம் இழந்த ஒரு சிறு கற்கோயில் நிற்பதைக் காணலாம். ஒலக்கணேஸ்வரர் கோயில் என்று அதற்குப் பெயர். பல்லவர் காலத்தில் 8-ஆம் நூற்றாண்டில் எழுந்தது அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கை அந்தக் கோயிலின் கூரை மேல்தான் ஏற்றி வைத்தார்கள். பின்னர் அருகிலேயே கருங்கல்லால் தனிக் கலங்கரை விளக்கம் கட்டப்பட்டது. கோயில் மீண்டும் கோயிலாகத் தனித்து நின்றது.

வழிபாட்டுக்கென எழுப்பிய ஒரு வீட்டை வேறு பணிக்குப் பயன்படுத்தலாமா? எந்தப் பணிக்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது? பழுதடைந்த பழைய கட்டடத்தை இடித்துவிடுவதா, காப்பதா? நம் பங்குப் பேரவைக் கூட்டங்களிலும் அடிக்கடி எழும் கேள்விகள் இவை. நூறு ஆண்டுகளுக்கு முன் இக்கேள்விகளை நாடு முழுவதற்கும் எழுப்பி, சட்டத்தின் வழியாக விடை தேடிய ஒருவரின் வாழ்வை இன்று சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். அவர் புனிதர் அல்லர். நம் நாட்டு மக்களால் பெரிதும் வெறுக்கப்பட்டவர். அவர்தான் கர்சன் பிரபு.

ஜார்ஜ் நத்தானியேல் கர்சன் 1859-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பிரபுக் குடும்பத்தவர். அதோடு அந்த ஊர் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் குருவும் அவரே. மாளிகைக்கு அருகிலேயே குடும்பத்தின் முன்னோர் அடக்கம் செய்யப்பட்ட பழைய ஆலயம் இருந்தது. செல்வமிக்க வீடு என்றாலும் சிறுவன் கர்சனின் குழந்தைப் பருவம் இனிமையானதல்ல. பெற்றோரை விட, கடுமையாகத் தண்டிக்கும் ஒரு செவிலியின் கையில்தான் அவர் வளர்ந்தார். இளமையிலேயே முதுகெலும்பில் கோளாறு ஏற்பட்டது. அதற்காக அணிந்த இறுக்கமான கச்சையை வாழ்நாள் முழுவதும் அவர் கழற்ற முடியவில்லை. அவர் விறைப்பாக நிற்பதைப் பார்த்தவர்கள் கர்வம் என்றார்கள். கர்வம் அவரிடம் இருந்தது உண்மையே. ஆனால் அந்த விறைப்புக்குள் ஓயாத வலியும் இருந்தது.

படிப்பை முடித்தபின் பாரசீகம், மத்திய ஆசியா, கிழக்காசியா எனப் பல நாடுகளைச் சுற்றினார். 1887-இல் முதன்முறையாக தாஜ்மகாலைக் கண்டார். அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை. 1899 சனவரியில், தம் 40-ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்பு, இந்தியாவின் வைஸ்ராயாகப் பொறுப்பேற்றார்.

அவர் வந்தபோது நம் நாட்டுத் தொன்மைச் சின்னங்களின் நிலை பரிதாபமாக இருந்தது. 1861-இல் தொல்லியல் துறை தொடங்கப்பட்டிருந்தும், 1889-க்குப் பின் அதற்குத் தலைமை இயக்குநரே இல்லை. வழிபாட்டிடங்கள் பலவற்றில் அரசு அலுவலகங்கள் குடியேறியிருந்தன. அகமதாபாதில் கல்லைச் சல்லடையாகச் செதுக்கிய பலகணிகளால் புகழ்பெற்ற சிதி சையத் மசூதி, அரசு அலுவலகமாக இருந்தது. லாகூரில் ஒரு மசூதியில் இரயில்வே அதிகாரி அலுவலகம் நடத்தினார். நம் வேலூர்க் கோட்டையின் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் ஒரு காலத்தில் ஆயுதக் கிடங்காகப் பயன்பட்டதை நாம் அறிவோம். வென்றவர்களுக்கு இவையெல்லாம் காலியான கட்டடங்களாகவே தெரிந்தன. அவற்றைக் கட்டி, அவற்றில் மண்டியிட்டு மன்றாடிய மக்களுக்கு அவை அப்படித் தெரிந்திருக்க முடியாது.

கர்சன் இந்த அலுவலகங்களை ஒவ்வொன்றாக வெளியேற்றினார். சிதி சையத் மசூதி காலி செய்யப்பட்டது. லாகூர் மசூதி இஸ்லாமியரிடம் திருப்பித் தரப்பட்டது. பர்மாவின் மாண்டலே அரண்மனையில் ஆங்கிலேயர் தங்கள் பொழுதுபோக்கு மன்றத்தை நடத்தி வந்தனர். அரசர் அமர்ந்த மண்டபத்தைப் படைவீரர்களுக்கான கிறிஸ்தவ ஆலயமாகவும் மாற்றியிருந்தனர். அவற்றையும் அகற்றக் கர்சன் ஆணையிட்டார். குருவின் மகனான அவர், தம் சொந்தச் சமயத்தின் வழிபாட்டையே ஓர் அரண்மனையை விட்டு வெளியேறச் சொன்னார். பிறரிடமிருந்து பறித்த இடத்தில் நிற்கும் பீடம் கடவுளுக்கு மகிமை சேர்க்காது என்ற உண்மையை, அறிந்தோ அறியாமலோ, அவர் உணர்த்திவிட்டார். எருசலேம் ஆலயத்தில் வணிகர்களின் மேசைகளைக் கவிழ்த்த நம் ஆண்டவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1902-இல் தொல்லியல் துறைக்கு மீண்டும் தலைமை இயக்குநர் கிடைத்தார். 26 வயதுகூட நிறையாத ஜான் மார்ஷல் என்ற இளைஞரைக் கர்சன் துணிந்து ஏற்றுக்கொண்டார். அந்த மார்ஷலின் காலத்தில்தான் பின்னர் சிந்துவெளி நாகரிகம் உலகுக்குத் தெரியவந்தது. 1904 மார்ச் மாதத்தில் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. தனியாருக்குச் சொந்தமான சின்னமானாலும் உரிமையாளருடன் ஒப்பந்தம் செய்து அதைப் பேண, அச்சட்டம் வழி செய்தது. சமயச் சடங்குகள் நடைபெறும் இடத்தை அரசு கட்டாயமாக வாங்கக் கூடாது என்றது. அரசின் பராமரிப்பில் உள்ள வழிபாட்டிடத்தை அதன் இயல்புக்கு ஒவ்வாத எந்தப் பணிக்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் விதித்தது. இதே விதி, விடுதலை பெற்ற இந்தியா 1958-இல் இயற்றிய சட்டத்திலும் இடம்பெற்றது.

கர்சனின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1899-1900 பஞ்சத்தில் மக்கள் மடிந்தபோது நிவாரணத்தில் அவரது அரசு காட்டிய சிக்கனம் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. 1903-இல் தில்லியில் அவர் நடத்திய தர்பாரின் ஆடம்பரம் பலர் மனத்தைப் புண்படுத்தியது. 1905-இல் வங்கத்தை இரண்டாகப் பிரித்தார். மக்களின் எதிர்ப்பு நாடெங்கும் பரவி, 1911-இல் அப்பிரிவினை கைவிடப்பட்டது. கல்லின் குரலைக் கேட்ட செவி, வாழும் மக்களின் குரலைக் கேட்கவில்லை. சின்னங்களைக் காக்க விரும்பும் யாருக்கும் நேரக்கூடிய சோதனை இது.

படைத்தளபதி கிச்சனருடன் ஏற்பட்ட மோதலால் 1905-இல் பதவி விலகி நாடு திரும்பினார். அடுத்த ஆண்டே அன்பு மனைவி மேரி இறந்தார். அவர் நினைவாகக் கெடில்ஸ்டன் ஆலயத்தோடு ஒரு சிற்றாலயத்தை எழுப்பினார். பதவி போன பிறகும் தாஜ்மகாலை மறக்கவில்லை. அதன் கல்லறை மண்டபத்துக்கென்று எகிப்தின் கெய்ரோ நகரில் ஒரு விளக்கைச் செய்வித்து அனுப்பிவைத்தார். தம் நாட்டில் டாட்டர்ஷால் கோட்டையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட பழமையான கணப்பு அடுப்புகள் கடல் கடந்து போகவிருந்தன. 1911-இல் அக்கோட்டையைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கி, அந்த அடுப்புகளை மீட்டு, இருந்த இடத்திலேயே மீண்டும் பொருத்தினார். போடியம் கோட்டையையும் வாங்கிச் சீரமைத்தார். இரண்டையும் பொதுமக்களுக்கென்றே உயில் எழுதி வைத்தார். 1923-இல் பிரதமர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் வந்து நழுவியது. 1925 மார்ச் 20-ஆம் நாள் இலண்டனில் காலமானார். கெடில்ஸ்டனில் மேரியின் அருகே துயில்கிறார்.

இவருடைய வாழ்வு செங்கல்பட்டுக் கடலோரத்தில் வாழும் நமக்கு என்ன சொல்கிறது?

மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் பட்டியலில் சேர்ந்ததால் மட்டும் கல் காப்பாற்றப்படுவதில்லை. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, ஈரத்தோடு கல்லின் நுண்துளைக்குள் நுழைகிறது. ஈரம் உலரும்போது உப்பு படிகமாகி விரிந்து, கல்லின் மேற்பரப்பை உள்ளிருந்தே உதிர்க்கிறது. அதனால் தொல்லியல் துறையினர் காகிதக் கூழை நனைத்துக் கடற்கரைக் கோயிலின் மேல் அப்பி, உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். காகிதம் காய்ந்ததும் அகற்றி, மீண்டும் அப்புகிறார்கள். அலையைத் தடுக்கக் கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை நட்டிருக்கிறார்கள். பேணுதல் என்பது ஒரு நாள் விழா அன்று, முடிவில்லாத ஊழியம்.

அந்த ஊழியத்தின் சுமை எளியோர் தலையிலும் விழுகிறது. 2010-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பத் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தலைமுறைகளாக அங்கேயே வாழும் குடும்பம், பிள்ளைக்குத் திருமணம் ஆனதும் ஓர் அறை கூடுதலாகக் கட்ட நினைத்தால் என்ன செய்யும்? கர்சன் தவறவிட்ட பாடத்தை நாம் தவறவிடக் கூடாது. மாமல்லபுரத்தில் இன்றும் உளியோசை கேட்கிறது. 1957 முதல் அங்கே சிற்பக்கலை கற்பிக்கப்படுகிறது. 2017-இல் அவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சிற்பியும் மீனவரும் சிறுவணிகரும் வாழ வழியில்லாமல் கல் மட்டும் வாழ்ந்தால், நாம் காத்தது பாதிதான்.

நம் மறைமாவட்டத்தின் ஆலயங்களையும் எண்ணிப் பார்ப்போம். பரங்கிமலை உச்சியில் 1523-இல் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் 500 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. திருப்பணி நடந்தபோது 1547-இல் கண்டெடுத்த கற்சிலுவையின் முன் இன்றும் நாம் மண்டியிடுகிறோம். கோவளத்தில் வணிகர் ஜான் டி மான்டி 1808-இல் கட்டிய கார்மேல் அன்னை ஆலயம் கடலைப் பார்த்து நிற்கிறது. ஆனால் எல்லா ஆலயங்களுக்கும் இந்தப் பேறு கிடைக்கவில்லை. சுவரில் விரிசல் கண்டதும், மக்கள் தொகை பெருகியதும், பழையதை இடித்துப் புதியதைக் கட்டுவதே பல பங்குகளில் முதல் எண்ணமாக வருகிறது. இடமின்மை உண்மையான நெருக்கடி. ஞாயிறன்று வெயிலில் நின்று திருப்பலி காணும் மக்களை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் இடிப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்கலாம்.

விரிசலுக்குக் காரணம் வயதா, அல்லது நாமே பூசிய சிமெண்டா? சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் தன்மையுடையது. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் அரிக்கப்படுகிறது. சுண்ணாம்பு வேலை அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டினோமா? புதிய ஆலயத்தைப் பக்கத்தில் கட்டிவிட்டு, பழையதை ஆராதனைச் சிற்றாலயமாகவோ மறைக்கல்வி வகுப்பாகவோ மாற்ற முடியாதா?

திருச்சபை இதில் நமக்கு வழிகாட்டாமல் இல்லை. 609-இல் உரோமையின் பாந்தியன் என்ற பழைய கோயில் ஆலயமாக்கப்பட்டதால்தான் அது இன்றும் முழுமையாக நிற்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, புனிதப் பொருள்களும் விலைமதிப்புள்ள கலைப்படைப்புகளும் கைமாறாமலும் அழியாமலும் காக்கும் பொறுப்பை ஆயர்களிடம் ஒப்படைத்தது. ஓர் ஆலயத்தில் இனி வழிபாடு இயலாது என்ற நிலை வந்தால், ஆயர் அதை வேறு பயனுக்கு விடலாம், ஆனால் அப்பயன் இழிவானதாக இருக்கக் கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1222-ஆம் பிரிவு. கர்சனின் 1904-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொன்னது.

கர்சன் மசூதிகளையும் கோயில்களையும் காத்தார். அவற்றில் ஒன்றுகூட அவர் வழிபட்ட இடமல்ல. நாமோ நம் பெற்றோர் திருமுழுக்குப் பெற்ற, நம் தாத்தா பாட்டி திருமணம் முடித்த ஆலயத்துக்கே பொறுப்பாளர்கள். அவற்றைக் கட்டியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத ஏழைகள். ஒரு நாள் மீன்பாட்டில் ஒரு பங்கையும், அறுவடையில் ஒரு மூட்டையையும், வாரத்தில் ஒரு நாள் உழைப்பையும் கொடுத்தவர்கள். அந்தச் சுவரை இடிக்கும்போது அவர்களின் காணிக்கையையும் சேர்த்தே இடிக்கிறோம். அந்தச் சுவரைக் காக்கும்போது, வாழும் ஏழையை மறக்காமலும் காக்க வேண்டும்.

அடுத்த முறை நம் ஆலயத்தின் பழைய வாசற்படியில் கால் வைக்கும்போது, அது எத்தனை கால்கள் தேய்த்த படி என்று ஒரு கணம் குனிந்து பார்ப்போம். நமக்கு முன் வந்தவர்கள் நம்மை நம்பி விட்டுச்சென்ற வீட்டை, நமக்குப் பின் வருபவர்களிடம் நல்ல நிலையில் ஒப்படைக்க நல்ல ஆண்டவர் நமக்கு அருள்புரிவாராக.