டோக்கியோ பேக்கரிக்குள் பதுங்கிய இந்தியப் புரட்சியாளர்: ஜப்பானுக்கு 'இந்தியக் கறி' வந்தது எப்படி?

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஐடி வேலைக்காக டோக்கியோ போகிறவர்கள் வாடகை வீடு கிடைத்ததும் அடுத்து தேடுவது, பக்கத்தில் நல்ல இந்தியன் ரெஸ்டாரன்ட் எங்கே இருக்கிறது என்பதைத்தான். தேடிப் போனால் முதலில் கையில் கிடைப்பது 'கரே ரைஸ்'. பழுப்பு நிறத்தில், மாவு கலந்த கெட்டியான குழம்பு. லேசாக இனிக்கும். பக்கத்தில் ஒட்டுகிற பதத்தில் சாதம். பேர் என்னவோ நம்ம ஊர் பேர்தான். 'கறி' என்ற தமிழ்ச் சொல்தான் ஐரோப்பியர் வாய்வழியாகப் போய், ஜப்பானில் 'கரே' ஆகி நிற்கிறது என்பார்கள். ஆனால் ருசிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை.

இதே ஏமாற்றம் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வங்காளிக்கும் வந்தது. அவர் வேலைக்காகப் போனவர் இல்லை. தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிப் போனவர். பெயர் ராஷ் பிகாரி போஸ்.

யார் இந்த ராஷ் பிகாரி போஸ்?

போஸ் என்றதும் நமக்கு நேதாஜி முகம்தான் வரும். இவர் வேறு, அவர் வேறு, உறவும் கிடையாது. ஆனால் நேதாஜி கையில் இந்தியத் தேசிய ராணுவத்தை ஒப்படைத்த மூத்தவர் இவர்தான்.

1886-ல் வங்காளத்தில் பர்த்வான் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார். வளர்ந்தது அப்போது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த சந்தன்நகரில். பிறகு டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கிளார்க் வேலை. பகலில் அரசு ஊழியர். மறைவில் பஞ்சாப், டெல்லி, வங்காளம் என்று மூன்று பக்கத்துப் புரட்சிக் குழுக்களையும் இணைக்கிற ஆள்.

1912 டிசம்பர் 23. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறிய சமயம். வைஸ்ராய் ஹார்டிஞ்ச் யானை மேல் ஊர்வலமாக வருகிறார். சாந்தினி சௌக்கில் அவர் மீது குண்டு விழுந்தது. ஹார்டிஞ்ச் படுகாயத்தோடு உயிர் தப்பினார். அவருக்குக் குடை பிடித்து வந்தவர் இறந்துபோனார். இந்தத் திட்டத்தின் மூளை ராஷ் பிகாரிதான். அன்றே ரயில் ஏறி டேராடூன் திரும்பியவர், குண்டுவீச்சைக் கண்டித்து ஒரு கூட்டமும் நடத்தினார் என்பதுதான் ஆச்சரியம். ஆபீஸில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கொஞ்ச நாளில் விஷயம் வெளியே வந்தது. அவர் தலைக்குப் பரிசு அறிவித்தது பிரிட்டிஷ் அரசு. தலைமறைவாக இருந்துகொண்டே, 1915 பிப்ரவரியில் ராணுவ முகாம்களில் ஒரே நேரத்தில் கலகம் வெடிக்கத் திட்டம் போட்டார். உள்ளேயே ஓர் உளவாளி இருந்ததால் அது முளையிலேயே நசுக்கப்பட்டது. அந்த வருஷம் மே மாதம், டெல்லி குண்டு வழக்கில் அவருடைய தோழர்கள் 4 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதே மே மாதம் அவர் கல்கத்தாவில் ஒரு ஜப்பானியக் கப்பலில் ஏறினார்.

தாகூர் பெயரில் பயணம்

கப்பலில் அவர் பெயர் பி.என். தாகூர். கவிஞர் ரவீந்திரநாத் தாகூருக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்து, அவர் ஜப்பான் வரப்போகிறார் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். கவிஞருக்கு முன்னேற்பாடு செய்யப் போகும் உறவினர் என்று சொன்னதை அதிகாரிகள் நம்பிவிட்டார்கள். ஜூன் மாதம் கோபே துறைமுகத்தில் இறங்கி டோக்கியோ போய்ச் சேர்ந்தார்.

ஆனால் ஜப்பானும் பாதுகாப்பான இடம் இல்லை. 1902-லிருந்து பிரிட்டனோடு கூட்டணி வைத்திருந்த நாடு அது. நவம்பர் 27-ம் தேதி உவேனோவில் நடந்த ஒரு கூட்டத்தில் போஸ் கலந்துகொண்டார். லாலா லஜபதி ராயும் வந்திருந்தார். பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ராஷ் பிகாரியும் அவருடைய தோழர் ஹேரம்பலால் குப்தாவும் டிசம்பர் 2-க்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது.

5 நாள் அவகாசம். அதற்குள் அமெரிக்காவுக்குக் கப்பல் கிடையாது. ஷாங்காய், ஹாங்காங் பக்கம் போகும் கப்பல்தான் உண்டு. அங்கே இறங்கினால் பிரிட்டிஷ் போலீஸ் கையில்தான் இறங்க வேண்டும். வெளியேற்றம் என்று பேப்பரில் இருந்தது. நிஜத்தில் அது மரண தண்டனை.

வாசலில் ஷூ, ஆளைக் காணோம்

ஷின்ஜுகுவில் நகமுராயா என்று ஒரு பேக்கரி. சோமா அய்சோ, கோக்கோ என்ற கணவன் மனைவி நடத்தியது. 1901-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த ஒரு சின்னக் கடையை வாங்கித் தொழிலைத் தொடங்கியவர்கள். கடைக்கு ஓவியர்கள், சிற்பிகள், எழுத்தாளர்கள் என்று ஒரு கூட்டமே வந்து போகும். அரசியலில் இறங்கியவர்கள் இல்லை. இந்த இந்தியர்களை அவர்களுக்கு முன்பின் தெரியவும் தெரியாது.

பேப்பரில் செய்தியைப் படித்த அய்சோ, கடைக்கு வந்த ஒரு பத்திரிகைக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: நம்ம இடத்தில் ஒளித்து வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று. அந்தப் பேச்சு தோயாமா மித்சுருவின் காதுக்குப் போனது. தோயாமா அன்றைய ஜப்பானிய தேசியவாதிகளில் பெரிய கை. போலீஸே தொடத் தயங்கும் ஆள்.

கெடு முடிவதற்கு முந்தைய இரவு, விடைபெறுகிற சாக்கில் இரண்டு இந்தியர்களும் தோயாமா வீட்டுக்குள் போனார்கள். பின்தொடர்ந்து வந்த போலீஸார் வெளியே காத்து நின்றார்கள். ஜப்பானில் வீட்டுக்குள் போகும்போது ஷூவைக் கழற்றி வாசலில் வைப்பது வழக்கம். ஷூ அங்கேயே இருந்ததால், ஆள் உள்ளேதான் என்று நினைத்துவிட்டார்கள். அதற்குள் இருவரும் மாறுவேஷத்தில் பின்பக்கமாக வெளியேறி, தயாராக நின்ற காரில் ஏறி ஷின்ஜுகு போயாகிவிட்டது.

நகமுராயாவின் பின்பக்கம், ஓவியர்களுக்காகக் கட்டிய ஒரு ஸ்டூடியோவில் அவர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். அய்சோ கடை ஊழியர்களைக் கூப்பிட்டு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். அத்தனை பேரும் வாயைத் திறக்கவில்லை. முன்பக்கம் ரொட்டி வியாபாரம் நடக்கிறது. பின்பக்கம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் தேடுகிற ஆள் இருக்கிறார். இங்கிலீஷ் தெரிந்த கோக்கோதான் வெளியுலகத்துக்கும் அவர்களுக்கும் நடுவே பாலம். அடைபட்டுக் கிடக்க முடியாமல் குப்தா ஒருநாள் வெளியேறிவிட்டார். போஸ் மட்டும் இருந்தார்.

சில மாதங்களில் காற்று திசை மாறியது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று ஜப்பானியக் கப்பலை நடுக்கடலில் மறித்து, அதிலிருந்த இந்தியர்களைப் பிடித்துப் போனது. ஜப்பானில் கோபம் கிளம்பியது. 1916-ல் வெளியேற்ற உத்தரவு கைவிடப்பட்டது.

ஒளிந்து வாழ்ந்த கல்யாணம்

உத்தரவு போனாலும், பிரிட்டன் அமர்த்திய துப்பறிவாளர்கள் விடவில்லை. போஸுக்கு ஜப்பானிய மொழி முழுதாகப் பிடிபடவில்லை. கூடவே இருந்து காப்பாற்ற ஒருவர் வேண்டும். தோயாமா முன்வைத்த யோசனை, சோமா தம்பதியின் மூத்த மகள் தோஷிகோவைக் கல்யாணம் செய்து வைப்பது. தன் மகளை எந்நேரமும் ஆபத்தில் இருக்கிற ஓர் அந்நியனுக்குக் கொடுப்பதா என்று எந்தத் தாய்க்கும் நெஞ்சு அடைக்கும். கோக்கோ மகளைக் கட்டாயப்படுத்தவில்லை. தோஷிகோ நேரம் எடுத்துக்கொண்டு யோசித்து, சரி என்றார். 1918 ஜூலையில் ரகசியமாகக் கல்யாணம் நடந்தது.

அந்தப் பெண் எதற்குச் சம்மதித்தார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். போஸ் ஜப்பானில் தலைமறைவாக இருந்த காலத்தில் 17 முறை வீடு மாறினார் என்று சொல்லப்படுகிறது. வெயில் படாத வீடுகள், வெளியே தலைகாட்ட முடியாத நாட்கள். இதற்கு நடுவே மகன் மசாஹிதே, மகள் தெத்சுகோ பிறந்தார்கள். 1923-ல் போஸுக்கு ஜப்பானியக் குடியுரிமை கிடைத்தது. இனி நிம்மதியாக இருக்கலாம் என்ற நேரத்தில் தோஷிகோவின் உடம்பு தாங்கவில்லை. 1925 மார்ச்சில் நிமோனியாவில் இறந்துபோனார். வயது 26.

போஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளைப் பாட்டி கோக்கோ வளர்த்தார்.

80 சென் கொடுத்து யார் சாப்பிடுவார்கள்?

ஜப்பானுக்குக் கறி போனது இந்தியாவிலிருந்து நேராக இல்லை. பிரிட்டிஷ் கம்பெனிகள் டப்பாவில் அடைத்து விற்ற கறி பவுடர் வழியாகப் போனது. கூடவே மாவைக் கலந்து கெட்டிப்படுத்தும் ஐரோப்பியச் சமையல் முறையும் போனது. கப்பற்படை, ராணுவம், மலிவு விலை ஓட்டல்கள் என்று அது பரவிவிட்டது. போஸின் பார்வையில் இது இரட்டை அவமானம். நாட்டைப் பிடித்தவர்கள் சாப்பாட்டையும் பிடித்து, அதைக் கெடுத்து, இந்தியாவின் பெயரிலேயே விற்கிறார்கள். சோமா குடும்பத்துக்கு அவர் தன் கையால் சமைத்துப் போட்டது வேறு ருசி.

வாய்ப்பு வியாபாரம் வழியாக வந்தது. 1920-களில் ஷின்ஜுகு வேகமாக வளர்ந்தது. பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் பக்கத்திலேயே வந்து, நகமுராயாவின் வியாபாரத்தைப் பாதித்தது. உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும் என்று வாடிக்கையாளர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியென்றால் அசல் இந்தியக் கறியைக் கொடுங்கள் என்றார் போஸ். 1927 ஜூன் 12-ல் கடையில் டீ ரூம் திறக்கப்பட்டது. மெனுவில் இந்தியக் கறி வந்தது. கூடவே ரஷ்யாவின் போர்ஷ் சூப்பும். அதற்குப் பின்னாலும், அந்த வீட்டில் முன்பு அடைக்கலம் பெற்றிருந்த கண்பார்வையற்ற ரஷ்யக் கவிஞர் எரோஷென்கோவின் தொடர்பு உண்டு. யார் வந்தாலும் இடம் கொடுக்கிற வீடுபோல அது.

கறியில் மாவு கிடையாது. மசாலாவும் தயிரும் சேர்த்த, எலும்போடு கூடிய கோழித் துண்டுகள். முதலில் வந்தவர்கள் மசாலா வாசனையிலும் எலும்பிலும் மிரண்டார்கள். இந்தியாவைப் போல உதிரியான நீள அரிசியும் எடுபடவில்லை. போஸ் மசாலாவில் விட்டுக்கொடுக்கவில்லை. அரிசியில் சமரசம் ஆனது: குழம்போடு சேர்ந்தாலும் குழையாத, அதே சமயம் ஜப்பானியர் நாக்குக்கு ஒத்துவரும் ஓர் உள்நாட்டு ரகத்தைக் கண்டுபிடித்தார்கள். நல்ல கோழிக்காக அய்சோ சொந்தப் பண்ணையே வைத்தார்.

விலை 80 சென். 100 சென் சேர்ந்தால் ஒரு யென். மற்ற கடைகளில் ஒரு தட்டு கறி 10, 12 சென்னுக்குக் கிடைத்த காலம் அது. ஏழு மடங்கு விலை சொன்னால் நம்ம ஊரில் கல்லாவிலேயே சண்டை வந்திருக்கும். அங்கே கூட்டம் வந்தது. காதலும் புரட்சியும் கலந்த ருசி என்று ஜப்பானியர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். தோஷிகோவின் வாழ்க்கையை நினைத்துப் பார்த்தால், காதல் என்று அழகாகச் சொல்லி முடித்துவிடக் கூடிய கதையா இது என்ற கேள்வி வரத்தான் செய்கிறது.

நேதாஜியிடம் ஒப்படைத்தது என்ன?

ஓட்டல் கதையோடு போஸை நிறுத்தினால் தப்பு. ஜப்பானிய மொழியைக் கற்று, அதிலேயே புத்தகங்கள் எழுதி, இந்திய விடுதலைக்காகப் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்ததும், 1942-ல் டோக்கியோவிலும் பாங்காக்கிலும் நடந்த மாநாடுகள் வழியாக இந்திய சுதந்திரக் கழகத்தின் தலைமைக்கு வந்தார்.

அங்கே அவருக்கு வேறு ஒரு சிக்கல். ஜப்பானியக் குடியுரிமை, ஜப்பானிய மனைவி, ஜப்பானிய ராணுவத்தில் மகன். இவர் நம்ம ஆளா, ஜப்பான்காரன் ஆளா என்று இந்திய அதிகாரிகள் பலர் சந்தேகப்பட்டார்கள். தேசிய ராணுவத்தை முதலில் திரட்டிய மோகன் சிங்கோடு உறவு முறிந்து, அந்த ராணுவமே கலையும் நிலை வந்தது. ஜப்பான் ராணுவம் ஆசியாவில் செய்த கொடுமைகளைப் பார்க்கும்போது, அந்தச் சந்தேகத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிடவும் முடியாது. 1943 ஜூலை 4-ல் சிங்கப்பூரில், தன்னைவிட வயதில் இளையவரான சுபாஷ் சந்திர போஸிடம் தலைமையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அதன் பிறகுதான் மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்தப் படையில் சேர்ந்தார்கள்.

1945 ஜனவரி 21-ல் டோக்கியோவில் ராஷ் பிகாரி போஸ் இறந்தார். 1915-ல் கப்பல் ஏறியவர் ஊர் திரும்பவே இல்லை. அதே ஆண்டு ஒகினாவா போரில் மகன் மசாஹிதேவும் இறந்துபோனார்.

இப்போது அங்கே என்ன கிடைக்கிறது?

போர் முடிந்ததும் போஸோடு வேலை பார்த்த கேரளக்காரர் ஏ.எம். நாயர், 1949-ல் டோக்கியோவின் கின்சா பகுதியில் 'நாயர்ஸ்' ரெஸ்டாரன்டைத் திறந்தார். இந்தியர் ஒருவர் நடத்திய ஓட்டல்களில் ஜப்பானில் மிகப் பழையது அது, இன்றும் இருக்கிறது. இந்திய ஐடி குடும்பங்கள் நிறைந்த நிஷி-கசாய் பக்கம் போனால் இட்லி, தோசையே கிடைக்கும். ஊரெங்கும் 'இந்தோ கரே' என்று போர்டு வைத்த கடைகளில் பல, நேபாளத்துக்காரர்கள் நடத்துபவை.

நகமுராயாவும் அதே ஷின்ஜுகுவில்தான் இருக்கிறது. 2014-ல் புதிய கட்டடம் திறந்தார்கள். ஸ்டேஷனின் கிழக்கு வாசலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் போதும். பழைய இந்தியக் கறி, தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் உள்ள ரெஸ்டாரன்டில் கிடைக்கிறது. செட்டிநாட்டுக் காரத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம். கோழி எலும்போடுதான் வரும்.